புஷ்பவல்லி விழுங்கிய சொல்

மலேசியாவில், சுங்கை வேயில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் புஷ்பவல்லி இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மின்பலகைகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று, விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதே தொழிற்சாலையின் ஸ்டோரில்தான் ஓய்வு பெறும்வரை நானும் இருந்தேன். கம்போங் மேடான் ஃபிளாட்டில் அவர் குடும்பம் நான்காம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. கீழே எழுதியிருப்பதில் ஒரு பகுதி நானே கண்டது, கேட்டது. மற்றதைப் புஷ்பவல்லியிடமும் அவருடன் வேலை செய்யும் மலரிடமும் தனித்தனியே விசாரித்து, இருவருக்கும் தெரிந்த இடங்களில் இருவர் சொன்னதும் ஒத்துப்போன பிறகே எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் புஷ்பவல்லிதான்.

"எழுதுங்க அங்கிள். பேரையும் போடுங்க. சும்மா 'ஒரு மாது'ன்னு போட்டு மறைக்காதீங்க."

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. மூன்று ஆண்டுகளாக அசதி. தூக்கக் கலக்கம் என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருந்தது. தலை சீவக் கையைத் தூக்கினால், பாதியில் இறக்கிக் கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்க வேண்டும். படுத்தால் உடம்பு கொதித்து, தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்து விழிப்பு வந்துவிடும். சந்தைப் பையோடு படியேறி வரும்போது எங்கள் மாடியிலேயே பையை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து நிற்பார். இன்னும் ஒரு மாடிதான். அந்த ஒரு மாடியை ஏற அவரால் முடியவில்லை.

யோசனை சொல்லாத ஆள் இல்லை. என் மனைவி அமுதவள்ளி உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். தொழிற்சாலை கேண்டீனில் மலாய்க்காரப் பெண்கள் ஒரு வேரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். மகள் மாதவி உடற்பயிற்சி வீடியோக்களாக அனுப்பினாள். லோரி ஓட்டும் கணவர் லோகன் யோசனை சொல்லவில்லை, கணக்குச் சொன்னார்: "நானும்தான் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் லோரி ஓட்டறேன். எனக்கு அசதி இல்லையா?" பேச்சை எப்படித் தொடங்கினாலும் எல்லாரும் முடித்தது ஒரே இடத்தில்தான்: "இது எல்லாருக்கும் உள்ளதுதானே."

புஷ்பவல்லி களியைச் சாப்பிட்டார். வேர்க் கஷாயம் குடித்தார். அடுப்படித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். களி மட்டும் நன்றாக இருந்தது என்றார்.

பிறகு பற்றவைப்பு விட்டுப்போன பலகைகள் அவர் கண்ணைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. அவர் பார்த்து அனுப்பியது திரும்பி வந்ததாக என் காலத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருக்கு எச்சரிக்கை வந்தது. அன்றைக்குத்தான் மாதவி வற்புறுத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரி. மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதன் அசதிதான் இது என்று மலாய்க்கார நர்ஸ் சொன்னார். அவர் சொன்ன மலாய் வார்த்தை 'புத்துஸ் ஹாயிட்.' டாக்டர் இளம்பெண். "ராத்திரித் தூக்கம் ஒழுங்கா கிடைச்சாத்தான் இது அடங்கும். நைட் ஷிப்ட்டை முதல்ல விடப் பாருங்க. அப்புறமும் சரியாகலைன்னா மருந்தைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

இரவு வேலையிலிருந்து விடுபட வேண்டும். அன்று முதல் புஷ்பவல்லிக்கு இருந்தது அந்த ஒரே குறிதான். தொழிற்சாலையில் இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். எப்போதும் பகல் வேலை உள்ள இடம் பேக்கிங் பகுதி மட்டும். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் அவர் சூப்பர்வைசர் ரோஹானியிடம் போனார். பேச்சு மலாயில் நடந்தது, தமிழில் தருகிறேன். 'காக்' என்றால் அக்கா.

"காக், என்னால நைட் ஷிப்ட் முடியல. தூக்கமே இல்ல. ரொம்ப அசதி."

"ஏன் புஷ்பா, என்ன ஆச்சு?"

பக்கத்திலேயே டெக்னீஷியன் ஜெயராஜ் ஒரு மெஷினைத் திறந்துபோட்டுக் குனிந்திருந்தான். அவன் காதில் விழக் கூடாதே என்று புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தினார். 'ஹாயிட்' என்றால் மாதவிலக்கு. அந்தச் சொல் நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டார்.

"எனக்கு புத்துஸ் ஆயிடுச்சு, காக்."

ரோஹானி பேனாவைக் கீழே வைத்தார். "யா அல்லா! எப்போ?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"இவ்வளவு நாளா மனசுக்குள்ளயா வெச்சிருந்தே?"

"இத யார்கிட்ட போய்ச் சொல்றது? வெக்கமா இருக்கு."

"இதுல என்ன வெக்கம்? மக என்ன சொல்றா?"

"இந்த வயசுல இதெல்லாம் வர்றதுதாங்கிறா."

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க!" ரோஹானிக்குக் கண் கலங்கிவிட்டது. "ராத்திரியெல்லாம் அழுதுகிட்டே இருக்கியா?"

"அழுகை வரல காக். வேர்த்துத்தான் கொட்டுது."

ரோஹானி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

புத்துஸ் என்றால் அறுந்தது என்று பொருள். கயிறு அறும், தொடர்பு அறும், உறவும் அறும். 'ஹாயிட்' என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் மாதவிலக்கு நின்றது என்று ஆகும். சேர்க்காமல், வாடிய முகத்தோடு ஒரு பெண் அதை மட்டும் சொன்னால், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ரோஹானியும் அதைத்தான் நினைத்தார். கணவன் இல்லாமல் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்களுக்கு பேக்கிங்கில் முதலிடம் கொடுப்பது சூப்பர்வைசர்களிடையே இருந்த வழக்கம். எழுத்தில் எங்கும் கிடையாது. அந்த வாரமே இடம் புஷ்பவல்லிக்குக் கிடைத்தது. இத்தனை வருட உழைப்புக்குக் கொடுத்தார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பகல் வேலைக்குப் போன பிறகு அவர் மாறியதை நாங்களே பார்த்தோம். வேர்த்து விழித்தாலும் புரண்டு படுத்து மறுபடி தூங்க முடிந்ததாம். ஒரு சனிக்கிழமை சந்தைப் பையோடு எங்கள் மாடியைத் தாண்டி நிற்காமல் ஏறிப் போனார். "ஏறிட்டா பாத்தீங்களா!" என்று அமுதவள்ளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அடுத்த வாரம் கேண்டீனில் மலர் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். மலருக்கு முப்பத்துநான்கு வயது. விவாகரத்து ஆனவள், இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"மொதல் ஆறு மாசம்தான்க்கா கஷ்டம். அப்பறம் வீடு எவ்ளோ அமைதியா இருக்கும் பாருங்க."

"ஆறு மாசமா? இன்னும் ரெண்டு மூணு வருஷம்கூட இழுக்கும்னு டாக்டர் சொல்லுது."

"டாக்டரா? வக்கீலப் பாக்கலையா நீங்க? என் வக்கீல் நம்பர் தரேன்க்கா. பிரிக்பீல்ட்ஸ்லதான் ஆபிஸ். நல்ல பொம்பள, சும்மா சும்மா காசு கேக்காது."

"எனக்கு நின்னுபோச்சுடி. அதுக்கு எதுக்கு வக்கீலு?"

"என்னா நின்னுபோச்சு?"

புஷ்பவல்லி குனிந்து காதோடு சொன்னார். மலர் கரண்டியைப் போட்டுவிட்டு, புரையேறும்வரை சிரித்தாள்.

"அப்ப அண்ணன் வீட்லதான் இருக்காரா?"

"வேற எங்க போவாரு? சோபாவுலதான் இருக்காரு."

"லைன் பூரா நீங்க பிரிஞ்சிட்டீங்கன்னு பேச்சுக்கா. ரோஹானி காக்தான் சொன்னாங்க, புஷ்பாவ யாரும் ஒண்ணும் கேக்காதீங்க, பாவம்னு. அதனாலதானே உங்களுக்கு பேக்கிங் கெடச்சது." சிரிப்பு மெல்ல நின்றது. "நானும் அந்த எடத்த கேட்டிருந்தேன். நைட் ஷிப்ட்டுன்னா பிள்ளைங்கள பக்கத்து வீட்ல படுக்கப் போடறேன். சின்னவன் அழுவறான். பரவாலக்கா, நீங்க சீனியர்."

அன்று மாலை நான்காம் மாடியில் நடந்த பேச்சு எங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. விஷயத்தைக் கேட்டதும் லோகன் சிரித்த சிரிப்புதான் முதலில் கேட்டது.

"அப்ப நான் இல்லாத ஆளா? இருக்கட்டுமே! கம்பெனி பஸ் வர்ற நேரத்துல நான் கீழ வரல. அவ்ளோதானே?"

"அது மலருக்குப் போக வேண்டிய எடம்."

"சின்னப் பொண்ணு, தாங்கும்லா. நீ இப்பதான் கொஞ்சம் தெளிஞ்சிருக்க. வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு."

"மூணு வருஷமா அசதி அசதின்னு கத்தினேன். ஒரு நாள் சோறாக்கி வெச்சீங்களா? உங்கள விட்டுட்டேன்னு சொன்ன ஒடனே எல்லாரும் எனக்கு எடம் குடுக்கறாங்க. அப்ப உங்கள வெச்சிருக்கறதுல எனக்கு என்னா லாபம்?"

உடனே மாதவியின் குரல் கேட்டது: "அப்பா, இதுக்குப் பதில் சொல்லாதீங்க. சொன்னா நெஜமாவே ஆயிரும்."

மறுநாள் புஷ்பவல்லி ரோஹானியின் அறைக்குப் போனார். விழுங்கிய சொல்லைச் சேர்த்துச் சொன்னார். ரோஹானி சிரித்த சிரிப்பில் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். மேசைக்கு அடியில் காலருகே ஓடிக்கொண்டிருந்த சின்ன மின்விசிறியைக் காட்டினார்.

"எனக்கும்தான் புஷ்பா. நாலு வருஷமா. இது எதுக்குன்னு நினைச்சே?"

புஷ்பவல்லிக்கு நம்பிக்கை வந்தது. தெரிந்தவரிடம் வந்து சேர்ந்தோம் என்று நினைத்தார்.

"ஆனா நான் வந்துட்டுதானே இருக்கேன்? இது எல்லாருக்கும் உள்ளதுதானே."

"புருஷன் விட்டுட்டுப் போறதும்தான் நெறைய பேருக்கு உள்ளது காக். அதுக்கு மட்டும் எடம் இருக்கு."

ரோஹானி மின்விசிறியைக் காலால் தள்ளிவைத்தார். "எடம் மலருக்குத்தான் போகணும், உனக்கே தெரியும். வேணும்னா ஒண்ணு பண்ணு. முதுகுவலின்னு டாக்டர் சீட்டு கொண்டு வா. முதுகுவலின்னா வேற பகல் வேலை கேட்டு நான் மேனேஜர்கிட்ட பேசலாம். இதுக்குன்னா அந்த வார்த்தைய அந்த ஆம்பளைகிட்ட நான்ல சொல்லணும்?"

"என் முதுகு நல்லாத்தான் இருக்கு காக்" என்று சொல்லிவிட்டு புஷ்பவல்லி வெளியே வந்துவிட்டார். இரண்டு வாரம் புருஷன் இல்லாதவளாக இருந்தாயிற்று, இனி முதுகு ஒடிந்தவளாகவும் இருக்க வேண்டுமா என்று அமுதவள்ளியிடம் கேட்டுப் பொருமினார்.

திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ரோஹானி மாற்றங்களைப் படித்தார். மலர் பேக்கிங். புஷ்பா பழையபடி ஷிப்ட், அடுத்த வாரம் முதல் இரவு. மேனேஜர் காப்பிக் கோப்பையோடு பின்னால் நின்றிருந்தார்.

"என்னாக்கா, அண்ணனோட ராசியாயிட்டீங்களா?" என்று ஜெயராஜ் கேட்டான். அதையே மலாயிலும் ஒரு முறை சொன்னான். வரிசை முழுவதும் சிரித்தது.

புஷ்பவல்லி மலாயில் பதில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி. "புத்துஸ் ஹாயிட், ஜெயராஜ். ஹாயிட். அறுந்தது அதுதான். அதனால ராத்திரி தூக்கமில்ல, அசதி. அத சொல்ல வெக்கப்பட்டுத்தான் புருஷன் போயிட்டாருன்னு ஆச்சு. உங்கம்மாவுக்கு என்ன வயசு? வீட்டுக்குப் போய் அவங்கள கேளு, எப்படி இருக்குன்னு."

ஜெயராஜ் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். மேனேஜர் போனைப் பார்த்தார். மணி அடித்தது. எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

அந்த வார்த்தையை மேனேஜரிடம் ரோஹானி இனிமேல் சொல்ல வேண்டியதில்லை, அவரே கேட்டுவிட்டார். "வேற பகல் வேலை கேட்டுப் பார்க்கிறேன்" என்று ரோஹானி சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் இல்லை. புஷ்பவல்லிக்கு இந்த வாரமும் இரவு வேலைதான். திரும்பி வரும் பலகைகளுக்காக இன்னொரு எச்சரிக்கையும் வந்திருக்கிறது.

சந்தைப் பை மறுபடியும் எங்கள் மாடியில்தான் வந்து நிற்கிறது. நேற்று புஷ்பவல்லி அதை இறக்கிவைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி மேலே பார்த்துக் கூப்பிட்டார். லோகன் இறங்கி வந்தார். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவினார்.

"என்னா இவ்ளோ கனம்? எனக்கு முட்டி வலிக்குது புஷ்பா."

"எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார் புஷ்பவல்லி. "தூக்குங்க."