என் இதயத்துக்கு ஒன்றுமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என்னை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்கதானே பேப்பர்ல எழுதுறவர்?"

யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு உடனே காது சூடாகிவிடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஹார்ட் ஆபரேஷன்னு சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கு? நடக்குறீங்களா? நடக்கணும்லா. எங்க வீட்டுக்காரருக்கும் இதே கதைதான்..." பேசிக்கொண்டே தம் பையிலிருந்து ஒரு பிடி பூண்டை அள்ளி என் பையில் போட்டார். "காலையில வெறும் வயித்துல ரெண்டு பல்லு. பச்சையா. மூஞ்சிய சுளிக்கக் கூடாது."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? மீன் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு, "எனக்கு ஹார்ட்டில் ஒன்றுமில்லை அம்மா, மார்பகத்தில்தான் புற்றுநோய்" என்று சொல்ல முடியுமா?

அங்கே சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். எழுதுவதில் ஒரு வசதி... எதிரில் யாரும் நிற்பதில்லை.

ஆமாம், ஆண்களுக்கும் வரும். அபூர்வம்தான். லாட்டரியில் ஒரு தடவைகூட நம்பர் விழாத எனக்கு இது விழுந்தது.

கண்டுபிடித்தது என் மனைவி பத்மா. துணி துவைக்கும்போது என் பனியனில், இடது பக்கம், பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி. "பாக்கெட்ல பேனா வைக்காதீங்கன்னா கேட்கறதே இல்ல" என்று திட்டினாள். நான் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்க்கிறேன், பேனா இல்லாமல் முடியாது. சரி, திட்டு நியாயம் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அதே இடத்தில் அதே புள்ளி. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. பனியனுக்கு ஏது பாக்கெட்?

தொட்டுப் பார்த்தேன். பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலிக்காததால்தான் அது அங்கேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

கிளினிக் டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மேமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே, எடுக்கும் பகுதிக்குப் போனேன். நாற்காலி நிறையப் பெண்கள். கவுண்டரில் இருந்தவர் என் அட்டையை வாங்காமல், மனைவி எங்கே என்று மலாயில் கேட்டார். "நான்தான்" என்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. பத்மா பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் குலுங்குவதிலேயே தெரிந்தது.

உள்ளே ஒரு இளஞ்சிவப்பு கவுன் கொடுத்தார்கள். முன்பக்கம் திறப்பு. மெஷின் இரண்டு பலகை மாதிரி, நடுவில் வைத்து அமுக்கும். என்னிடம் அமுக்குவதற்கு என்ன இருக்கிறது? ஒல்லி ஆள். மெஷினை இயக்கிய மலாய்ப் பெண் விடவில்லை. முதுகிலிருந்தும் அக்குளிலிருந்தும் தோலை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து, "தாஹான் அங்கிள், தாஹான்" என்று அமுக்கினார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பொறுத்துக்கொண்டேன்.

பிறகு ஊசி வைத்து சதை எடுத்தார்கள். பிறகு முடிவு சொன்னார்கள். புற்றுநோய். ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு பத்மாதான் முதலில் பேசினாள்.

"எனக்கு வரவேண்டியது. இதுலயும் முந்திக்கிட்டீங்க பாருங்க."

சிரித்துவிட்டேன். அவள் அழுதாள். டிஷ்யூ இல்லை. கார்க் கண்ணாடி துடைக்க வைத்திருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் கரி. அதைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். அப்படியே வீட்டுக்கு வந்தோம்.

எனக்கு சாவு பயம் இருந்ததா? இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது? சிரிக்காதீர்கள். கல்யாண வீட்டில் பந்தியில் இரண்டாவது முறை சாம்பார் கேட்கவே கூச்சப்படுகிற ஆள் நான். "யாருக்கும் சொல்லாதே" என்று பத்மாவைக் கேட்டுக்கொண்டேன்.

அவள் பாவம், என்ன செய்வாள்? பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸிலிருந்து என் அக்கா போன் பண்ணினார். எனக்கு உடன்பிறந்தது கமலா அக்கா ஒருத்திதான். குரலை வைத்தே கண்டுபிடிக்கும் ஆள். "என்னம்மா, ஏன் ஒரு மாதிரி பேசுற?"

பத்மா என்னைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அது வந்து அண்ணி... இவருக்கு ஆபரேஷன். ஹார்ட்டுல அடைப்பாம்."

அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் ஹார்ட் அடைப்பு என்றால் கௌரவமான வியாதி. சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பத்திரிகை அலுவலகத்துக்கும் அதையே சொன்னோம். அவர்களும் நல்ல மனசோடு, நான் எழுதும் இந்தப் பக்கத்தில் 'இதய சிகிச்சை, ஓய்வில் இருக்கிறார்' என்று போட்டுவிட்டார்கள்.

ஆபரேஷன் அன்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, சுறுசுறுப்பானவர். பேனாவால் என் நெஞ்சில் ஒரு அம்புக்குறி போட்டார். வந்தவர் போனவர் எல்லாரும் "எந்தப் பக்கம், அங்கிள்?" என்று கேட்டார்கள். "இடது, இடது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தள்ளிக்கொண்டு போகும்போது எனக்கே சந்தேகம் வந்து, எது இடது கை என்று தூக்கிப் பார்த்துக்கொண்டேன். கதவு வரை பத்மா கூடவே வந்தாள். "அழகுப் போட்டிக்கா போகப்போறீங்க? போயிட்டு வாங்க" என்றாள். கையை மட்டும் விடவில்லை. நர்ஸ் மிஸ்ஸிதான் பிரித்துவிட்டார்.

கண் விழித்தபோது வலி. அக்குளிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ஒரு பாட்டில். போகிற இடமெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இன்ஃபெக்ஷன் ஆயிடும், டாக்டர் யாரையும் பார்க்க விடல" என்று பத்மா சொந்தக்காரர்களை எல்லாம் தடுத்து வைத்திருந்தாள்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். ரிப்போர்ட் பரவாயில்லை, பரவவில்லை, மாத்திரை சில வருஷம் சாப்பிட வேண்டும் என்றார். பெருமூச்சு விட்டு எழுந்தோம். அப்போது கேட்டார்: "அக்கா தங்கை இருக்காங்களா, அங்கிள்?"

"ஒரு அக்கா."

"அவங்களையும் செக்கப் பண்ணச் சொல்லுங்க. சீக்கிரம். தம்பிக்கு வந்திருக்கு, அக்காவுக்கும் வரலாம்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இது என் கணக்கிலேயே இல்லை. என் கூச்சம் என்னோடு போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது அக்காவையும் பிடித்து இழுக்கும் என்று யார் கண்டது? அக்காவுக்கு அறுபது வயது. வயிற்று வலிக்கே டாக்டரிடம் போகமாட்டார், ஓமத் தண்ணீர்தான். அவரிடம் 'போய் மார்பைக் காட்டு' என்று நான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். ஹார்ட் அடைப்பு என்று பொய் சொல்லி வைத்திருக்கிறோமே!

அந்த வார இறுதியில் இனி தடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அக்காவும் அத்தானும் பாலம் தாண்டி எங்கள் சுங்கை பினாங் பிளாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கையில் ஓட்ஸ் டின், இன்னொரு கையில் விரால் மீன் சூப். இந்த ஊரில் யாருக்கு எந்த ஆபரேஷன் நடந்தாலும் விரால் சூப் வந்துவிடும். காயம் சீக்கிரம் ஆறுமாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வந்தவர்களுக்குத் தையலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மரியாதைக் குறைவு.

அத்தான் பைபாஸ் செய்துகொண்டவர். வந்து உட்கார்ந்ததும் தம் சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றினார். நடு நெஞ்சில் ஸிப் வைத்தது போல் நீளமான தழும்பு. "இதோ பாரு மச்சான். உனக்கு எத்தனை அடைப்பு?"

"ரெண்டு" என்றாள் பத்மா.

"மூணு" என்றேன் நான். அதே நேரத்தில்.

"எனக்கு நாலு" என்றார் அத்தான், நிம்மதியாக. பிறகு என் கைலியைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பார்த்தார். "கால்லேர்ந்துதானே நரம்பு எடுப்பாங்க? எங்க வெட்டையே காணோம்?"

"அவருக்கு வேற மாதிரி புது டெக்னிக்" என்றாள் பத்மா.

"இடது கைய ஏன் தூக்க மாட்டேங்குற?"

"அதுவும் டெக்னிக்தான், அண்ணே."

"சரி, நெஞ்சைக் காட்டு."

பத்மா சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வார்த்தை வராது என்று தெரியும். அதனால் சட்டையைத் திறந்தேன்.

அத்தான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இதென்ன மச்சான், குறுக்கால போகுது?" இன்னும் குனிந்தார். "டேய்... இங்க இருந்ததை எங்க காணோம்?"

"எடுத்துட்டாங்க அத்தான். ஹார்ட் இல்ல. மார்புப் புற்றுநோய்."

அத்தான் மெதுவாகத் தம் பட்டன்களைப் போட்டுக்கொண்டார். "ஆம்பளைக்கு வருமா?"

"வந்திருச்சே."

"அப்ப அந்த மூணு அடைப்பு?"

"ஒண்ணுகூட இல்ல அத்தான்."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வந்து என் தலையில் ஒரு தட்டு தட்டினார். பிறகு அதே கையை அங்கேயே வைத்துக்கொண்டார். "என்கிட்டகூடச் சொல்ல மாட்டியாடா தம்பி?"

"வெக்கமா இருந்துச்சுக்கா." அதே மூச்சில் மீதியையும் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது. "டாக்டர் உன்னையும் செக் பண்ணச் சொல்லியிருக்காங்க."

அக்கா கையை எடுத்துவிட்டார். "எனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன். இந்த வயசுல போய் எவன்கிட்ட காட்டச் சொல்ற?"

"எவனும் இல்லக்கா. பொம்பளைங்கதான் பார்ப்பாங்க. ஒரு மெஷின்ல வச்சு அமுக்குவாங்க. கொஞ்சம் வலிக்கும். அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதே மெஷின்லதான்..."

அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "உன்கிட்ட என்னத்தைப் புடிச்சு அமுக்கினாங்க?"

பத்மா வெடித்துச் சிரித்தாள். அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன், தையல் இழுத்தது. சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூப் கிண்ணத்தை என் முன்னால் தள்ளினார். "நீ கூட வர்றதா இருந்தா வர்றேன்" என்றார்.

போனோம். அதே கவுண்டர், அதே நாற்காலிகள். அக்கா உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாஹான்" என்றேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் கேட்டார். "அண்ணே, அவங்களுக்கு என்ன பிரச்சினை?"

வழக்கமாக இப்படிக் கேட்டால் கழிப்பறை எங்கே என்று தேடுவேன். அன்று ஏனோ சொல்லிவிட்டேன். "அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. வந்தது எனக்குத்தான்."

அதன் பிறகு விட்டார்களா? வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும், ஆபரேஷனுக்கு அப்புறம் கை தூக்க முடியுமா... கையால் சுவரில் பல்லி மாதிரி ஏறும் பயிற்சியை எழுந்து நின்று செய்துகாட்டினேன். மாத்திரை சாப்பிட்டால் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும் என்றேன். என் மனைவிக்கும் மாதவிலக்கு நிற்கிற வயது, இப்போது வீட்டில் இருவரும் ஒரே காற்றாடிக்குச் சண்டை போடுகிறோம் என்றேன். ஒரு சீன அம்மாவுக்காக மறுபடியும் மலாயில் சொன்னேன். இவ்வளவு நான் என் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை.

அக்கா வெளியே வந்து, பெண்கள் நடுவில் நின்று கையால் சுவர் ஏறிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

அக்காவுக்கு ஒரு கட்டி இருந்தது. ஆமாம், இருந்தது. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நேற்று மத்தியானம் போன் வந்தது. "தம்பி, ஒண்ணுமில்லையாம்டா. வெறும் கொழுப்பாம். வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்காங்க." அத்தான் பின்னாலிருந்து, "அதுதான் எனக்கு முன்னாடியே தெரியுமே, கொழுப்புன்னு" என்று கத்துவது கேட்டது.

நோயைவிட, அதைச் சொல்வதற்குத்தான் நமக்கெல்லாம் அதிகத் தைரியம் வேண்டியிருக்கிறது. எனக்கும் சட்டையைத் திறந்துதான் சொல்ல வந்தது.

அக்காவுக்கு இப்போது வெட்கம் போய்விட்டது. கோயிலில் தேவாரம் பாடும் தோழிகள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அவர்களில் சிலர் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த மெஷினுக்கு வருகிறார்களாம். பயமாக இருக்கிறதாம். கூட வந்து விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.