கேமராவைப் பார்த்தவர்

காணாமல் போன ஆட்டை ஒரு சின்ன ஊரே தேடி அலையும் நகைச்சுவைப் படம் அது. நம் ஊர்க்காரர்கள் எடுத்தது. மலாக்காவில் அதன் கடைசிக் காட்சியன்று அரங்கில் அதிகம் ஆளே இல்லை. என் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா, செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். முடிவெட்டும் கடைக் காட்சி தொடங்கியதும் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைசீவி, பொட்டைச் சரிசெய்தார்.

"இருட்டுல யாரு பாக்கப் போறாங்க, அக்கா?" என்றேன்.

"இரு லா, இப்ப வருவாரு."

திரையில் எல்லோரும் ஆட்டைத் துரத்தினார்கள். பெஞ்சில் இருந்த ஒருவர் மட்டும் நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரரு. போன வருஷம் தவறிட்டாரு. கேமராவ பாக்காதீங்கன்னு படம் எடுத்தவங்க தலபாடா அடிச்சிக்கிட்டாங்க. மனுஷன் கேட்டாத்தானே! அன்னிக்கு நான் திட்டுன திட்டு! இப்ப பாரு, அதனாலதான் என்னையே பாக்குறாரு."

காட்சி மாறியது. சீப்பைப் பையில் வைத்தார்.

"நாளைக்குப் படத்த எடுத்துடுவாங்களாம். இனி எங்க போயி பாக்குறது?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். "கவலைய விடுங்கக்கா, இண்டர்நெட்ல நான் தேடித் தர்றேன்" என்று நிமிர்ந்து சொல்லி, அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டேன்.

படம் எங்குமே இல்லை. எடுத்தவர்களுக்கு எழுதினேன், பதிலில்லை. இன்னும் தேடுகிறேன். அக்கா அவசரப்படுத்துவதில்லை. எப்போதாவது குரல்பதிவு மட்டும் அனுப்புவார்:

"கெடச்சா, போடறதுக்கு முன்னாடியே சொல்லிடுமா. நான் தல சீவிக்கணும்."