கப்பலில் வந்த வெளுப்பு

என் நிறத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. தினமும் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் கறுக்காமல் என்ன செய்வாள்? குறை கண்டது என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான். மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது. அவருடைய அம்மா மட்டும், "பிள்ள லட்சணமாத்தான் இருக்கா, நிறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அந்த இழுப்பே போதுமாயிருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, ஏதோ வெளிநாட்டுச் சந்தையில் வாங்கிய முகக் கிரீம் டப்பாக்களைக் கொண்டுவந்தான். எங்கள் ஆட்களுக்குக் கப்பலில் வந்த சாமான் என்றால் கேள்வியே கிடையாது. கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்து வாங்கும் என் அம்மா, யார் செய்தது, என்ன சேர்த்தது என்று ஒரு வரியும் இல்லாத அந்த டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "வாசனையே சொல்லுதே, நல்ல சாமான்" என்றாள். நிச்சயதார்த்தத் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கும் சில டப்பாக்களைக் கொடுத்தோம்.

தினமும் பூசினேன். வெளுத்தேன், பொய் சொல்லக் கூடாது. கன்னமும் உப்பியது. "கல்யாணக் களை வந்துட்டு" என்றார் அண்ணன் மனைவி. கொஞ்ச நாளில் கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது. சிறுநீர் சோப்புத் தண்ணீராக நுரைத்தது. அம்மாவிடம் சொன்னால் கல்யாணப் பதற்றம் என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே டாக்டரிடம் போனேன்.

பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அம்மா, "கிட்னியில இருந்து புரதம் ஒழுகுது. முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார். கிட்னிக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரத்தத்தில் பாதரசம் இருப்பது தெரிந்த பிறகுதான் சம்பந்தம் விளங்கியது. அந்தக் கிரீமில் வெளுக்க வைப்பதே பாதரசந்தானாம். தோல் வழியாக உள்ளே போய்க் கிட்னியைக் கெடுக்குமாம். இப்போதே நிறுத்தினால் தப்பிக்கலாம், நிறுத்தாவிட்டால் டயாலிசிஸ் வரைக்கும் போகலாம் என்றார். அன்றே நிறுத்தினேன்.

நிறம் திரும்பியது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. அதற்குள் மாதா கோவிலில் முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பதுதான் ஓலை. அது தொடங்கிவிட்டால் பெண்ணை வெயிலில் விடமாட்டார்கள். அன்று சாயங்காலமே மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"என்னளா, இப்படிக் கறுத்துட்ட?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "சரி, கல்யாணம் வரைக்கும் மட்டும் போட்டுக்கோ. போட்டோ எடுத்ததும் விட்டுரலாம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாட்டேன் மாமி. இன்னும் ரெண்டு ஓலை பாக்கி இருக்கு. என் நிறம் தடைன்னா கோயில்ல எந்திச்சுச் சொல்லுங்க. என் கிட்னியக் குடுத்து வெளுப்பு வாங்க முடியாது."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். செருப்புக்குள் கால் நுழையவில்லை. வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நிச்சயத்தன்று இருந்ததைவிட வெளுத்து, உப்பியிருந்தது.

"மாமி, நீங்களும் அதத்தான் போடுதியளா?"

குனிந்து அவருடைய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மாப்பிள்ளைக்கு அம்மான்னா பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?" என்றார், மெதுவாக. அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. இல்லை, கோபம் போகவில்லை, ஆள்தான் மாறியது. இதைக் கிண்டி டப்பாவில் அடைத்தவன் தன் வீட்டுப் பெண்களின் முகத்தில் பூசியிருப்பானா?

மறுநாள் காலையில் ஓலையாவது ஒன்றாவது என்று மாமியை ஸ்கூட்டரில் ஏற்றி, வெயிலோடு வெயிலாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும். மிச்சமிருந்த டப்பாக்களை டாக்டரிடமே கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அடுத்த ஓலைகளிலும் யாரும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் நடந்தது. எனக்கு வீக்கம் வடிந்துவிட்டது. மாமி இன்னும் மாத்திரையில் இருக்கிறார்.

சென்ற மாதம் ஆல்பம் பார்க்க ஸ்டுடியோவுக்குப் போனோம். கம்ப்யூட்டரில் என்னையும் மாமியையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுப்பாக்கி வைத்திருந்தார் போட்டோக்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி திரையில் விரலை வைத்தார்.

"இது யாரு அண்ணாச்சி? எங்க மருமவ கறுப்புல்லா. அவ நிறத்த அவளுக்குத் திருப்பிப் போடும்."

போட்டோக்காரர் மவுஸை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே மாமி பக்கத்திலிருந்த தன் முகத்தையும் தொட்டுக் காட்டினார்.

"எனக்கும்."