பச்சை எழுத்து வந்த பிறகு

கண்டியில் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள் நான். பெரிய கம்பனிகளுக்கு அல்ல. மருந்தகம், பல் வைத்தியர், உதிரிப்பாகக் கடை என்று ஒரு மேசையும் ஒரு கொம்பியூட்டரும் உள்ள இடங்களுக்குத்தான். குண்டசாலையில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய், அவர்கள் கதிரையில் உட்கார்ந்து, திரையின் தூசியையும் நானே துடைத்துவிட்டு வேலை பார்ப்பேன். இந்தத் தொழிலில் என்ன கவனிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் முதலில் ஒன்றைச் சொல்வேன்: இங்கே இடி இடித்தால் சனம் பிளக்கைப் பிடுங்கும். அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும். முதல் முழக்கம் கேட்டதும் வீடு, கடை, கந்தோர் எங்கும் டீவி, ஃபிரிட்ஜ், கொம்பியூட்டர் எல்லாவற்றின் பிளக்கும் சுவரை விட்டு வந்துவிடும். முறைப்படி மூடி அணைத்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை. கரண்ட் ஒழுங்காக வரும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள்.

போன ஒக்டோபரில் பிலிமத்தலாவையில் ஒரு டொக்டர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாக ஒரு சிறிய டிஸ்பென்சரி நடத்துகிறார். நோயாளிகளின் விபரத்தைப் பதியும் புரோகிராமை எழுதிக்கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். நடந்தது இதுதான். ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. முந்தின தடவை வந்தபோது அதைச் சொல்லியும் இருக்கிறார். இந்தத் தடவை திரையில் ‘ஒவ்வாமை: இல்லை’ என்று இருந்தது. அதை நம்பி டொக்டர் அந்த வகை மருந்தையே எழுதிவிட்டார். மருந்து உறையை வாங்கும்போது என்ன மாத்திரை என்று கேட்டதால் அந்த மனிதர் தப்பினார்.

டொக்டர் ஆடிப்போனதில் நியாயம் உண்டு. பழியை உதவியாளர் அக்கா தலையில் போட்டதில் நியாயம் இல்லை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வருகிறவர் அவர். பல வருடமாக அங்கேதான் வேலை. நோயாளிகளின் விபரத்தைப் பதிவதும் அவர்தான்.

“அந்த மனுசன் முந்தி வந்த அண்டைக்கு இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கி எல்லாத்தையும் குழப்பிப்போட்டா. இந்த மாசத்தோட வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்” என்றார் டொக்டர், அக்காவின் காதுபடவே.

டொக்டர் நோயாளி பார்க்க உள்ளே போனதும் அக்கா என் பக்கம் வந்தார். “இடிச்சுச்சு, புடுங்குனேன். இல்லேங்கல மிஸ். எங்க லயத்துல ரெண்டு வீட்டு டீவி கருகிப்போச்சு, புடுங்காம இருக்க முடியுமா? ஆனா சேவ் ஆயிருச்சுன்னு பச்சை எழுத்து வந்தப்புறம்தான் புடுங்குனேன். சொன்னா டொக்டர் நம்ப மாட்டேங்குறாரு.”

மேசைக்கடியில், கரண்ட் போனாலும் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். ஒன்று இருந்தது. பேட்டரி செத்து, பிளாஸ்டிக் பூச்சாடி வைக்க உதவிக்கொண்டிருந்தது. முதலில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். பிரதி எடுக்காமல் அடுத்தவர் தரவில் கை வைப்பதில்லை. பிறகு புரோகிராமைத் திறந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம்தான் வந்தது. அது பெயரையும் வயதையும் ஓர் அட்டவணையில் எழுதுகிறது. உடனே பச்சையில் ‘சேவ்ட்’ என்று காட்டுகிறது. அதற்குப் பிறகுதான் ஒவ்வாமையை இன்னோர் அட்டவணையில் எழுதப் போகிறது. அந்தப் பழைய கொம்பியூட்டரில் இடையே சில விநாடிகள் போய்விடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஆள் இருப்பார், ஒவ்வாமை இருக்காது. வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்தையும் ‘இல்லை’ என்றே அது காட்டுகிறது. இதை எழுதியவரும் கண்டிக்காரர்தானாம். இடியே கேட்காமல் வளர்ந்தாரோ என்னவோ.

திருத்துவது பெரிய வேலை இல்லை. இரண்டு அட்டவணையும் ஒன்றாகப் பதியும்படி செய்தேன். ஒன்று தவறினால் மற்றதும் பதியாது. எல்லாம் பதிந்து முடிந்த பிறகுதான் பச்சை எழுத்து வரும். வெறுமையான இடத்தில் ‘தெரியாது, கேட்கவும்’ என்று சிவப்பில் நிற்கும்.

வேலை முடிந்த அன்று, மதியம் நோயாளிகள் போனதும் டொக்டரைக் கூப்பிட்டேன். பதிந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் என்னுடைய சோதனை. இல்லாத ஒரு நோயாளியின் விபரத்தை, பெனிசிலின் ஒவ்வாமையோடு, அடித்துவிட்டு, “இப்ப புடுங்குங்கக்கா” என்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தொட மாட்டேன் மிஸ்.”

டொக்டரே குனிந்து பிடுங்கினார். மீண்டும் போட்டுப் பார்த்தோம். நம்பாமல் திரும்பத் திரும்பப் பிடுங்கினார். ஒவ்வொரு தடவையும் ஒன்றில் ஆள் முழுதாக இருந்தார், அல்லது இருக்கவே இல்லை. அரைகுறையாக எதுவும் இல்லை. பிறகு நான் எடுத்துவைத்த பிரதியில் பழைய புரோகிராமை ஓட்டி, அதே நோயாளியைப் பதிந்தேன். பச்சை எழுத்து வந்தது. டொக்டர் பிடுங்கினார். திறந்து பார்த்தால், ‘ஒவ்வாமை: இல்லை’.

டொக்டர் இன்னும் மேசையடியில்தான் குந்தியிருந்தார். அங்கிருந்தே அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “பிழை உங்களில இல்லை. வேலைய விட வேண்டாம், வழமைபோல வாங்கோ.”

“வேற எடத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டேன் டொக்டர். கண்டியில ஒரு துணிக்கடை.”

“அதுக்குள்ளயோ? என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“அன்னைக்கே சொன்னேனே டொக்டர்” என்றார் அக்கா. “பச்சை எழுத்து வந்தப்புறம்தான் புடுங்குனேன்னு.”