பாதர் விட்டுப்போன நாற்காலி

மராத்தி பேசும் ஊரில், வானவடிப் பகுதியில், என் வீட்டு ஹாலில் பாதரின் பிரம்பு நாற்காலி இருக்கிறது. இடது கை வைக்கும் இடம் தேய்ந்து பளபளக்கும். யாரும் உட்காராதபோதும் லேசாக முனகும். ஈரத்தில் பிரம்பு விரிகிறது என்று எனக்கு நானே பௌதிகம் சொல்லிக்கொள்கிறேன். மழைக்காலத்தில் அந்த விளக்கம் போதுமானதாக இருக்கிறது. ஏப்ரலில் இல்லை.

பாதர், பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ரோமாபுரியின் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், எப்படிப் போப்பாண்டவர்கள் ஆனார்கள் என்று தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கராடி ஐ.டி. வளாகத்தில், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் நான், ஞாயிறுதோறும் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வேன். பேரரசர்கள் கிழக்கே குடிபோனார்கள், ஆயர் ரோமிலேயே இருந்தார், தூரத்து ஆயர்கள் சண்டை வந்தால் அவரைக் கேட்டு எழுதினார்கள். யோசனையாகப் புறப்பட்ட பதில், சட்டமாகப் போய்ச் சேர்ந்தது. "முதல் ஆயர் பேதுரு செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. ஆனா அந்த நாற்காலில உக்காந்தவர் வாயத் தொறந்தா, பேசறது பேதுருன்னாங்க. செத்தவரோட எப்படிய்யா வாதாடறது?" என்று சிரிப்பார். ஆனால் தன்னிடம் வழக்குக் கொண்டுவரும் தமிழ்க் குடும்பங்களைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். "நான் வெறும் வாத்தியார்ப்பா. நீங்களே பேசி முடிங்க."

புத்தகம் முடியுமுன் அவர் போய்விட்டார். நாற்காலி எனக்கு வந்தது.

சில மாதங்கள் கழித்து, படைக்கலத் தொழிற்சாலை போர்மேன் ஒருவர் மகளோடு வந்தார். அவள் ஒரு மராத்திப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிறாள். சோபாவை அவர்களுக்கு விட்டுவிட்டு, நான் பாதரின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பாதர் இருந்தா என்ன சொல்லியிருப்பார் சார்? நீங்கதானே கூடவே இருந்தீங்க. அவர் சரின்னா பஸ், அவ்வளவுதான், நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

"இதப் பத்தி அவர் எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல," என்றேன். உண்மை அதுதான்.

போர்மேன் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார். "அப்ப அவருக்கு இஷ்டமில்லன்னுதானே அர்த்தம். எழுந்திரும்மா."

அவள் எழவில்லை. "அங்கிள், நீங்க சொல்லுங்க நா," என்றாள், மராத்தி 'நா' போட்டு, மெதுவாக.

நான் சும்மா இருந்தாலும் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிடும் என்று புரிந்தது.

"சரின்னுதான் சொல்லியிருப்பார்," என்றேன். பழகிய குரல், ஆனால் என்னுடையது இல்லை. குனிந்து பார்த்தால் என் இடது கை அந்தத் தேய்ந்த இடத்தில் இருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே போர்மேன் மனைவிக்குப் போன் செய்தார். "பாதர் சொல்லிட்டார். தேதி பாக்கலாம்."

கல்யாணம் நன்றாக நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. இப்போது தளேகாவிலிருந்துகூட ரயிலேறி வருகிறார்கள். நான் காப்பி கொடுக்கிறேன். நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டு, அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து அடுக்கிவைத்திருக்கிறேன். வருகிறவர்கள் என்னிடம் பேசுகிறார்கள், துணிகளைப் பார்த்துக்கொண்டு.