சுண்டுவிரல் தொடாத வாசிப்பு

இசைக்குழுவின் முதல் வரிசையில் அவள் வயலினோடு உட்கார்ந்து தலைமுடி நரைத்தவள். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச காலமாகச் சொன்ன பேச்சு கேட்பதில்லை. தந்தியில் ஊன்றினால் மடங்கிக்கொள்ளும். தேய்மானம் என்றார் மருத்துவர்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சுண்டுவிரல் விழவேண்டிய இடத்துக்குக் கையை லேசாக மேலே வழுக்கவிட்டு, மோதிரவிரலால் தொட்டுவிடுவாள். பார்ப்பவர்களுக்கு அது ஒயிலாகத் தெரிந்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆள், பஸ் ஓட்டும் அவள் கணவர். வீட்டில் ஜாடி மூடிகளை அவர்தான் திறந்து கொடுப்பார்.

"சொல்லித் தொலையேன். தலையையா வாங்கிடுவாங்க?"

"தலைய இல்ல. நாற்காலிய."

அடுத்த மாதம் அவளுடைய தனி வாசிப்பு. அதுவரை மூச்சு விடுவதில்லை என்றிருந்தாள்.

சனிக்கிழமைகளில், ஒத்திகைக் கூடத்தை ஒட்டிய அறையில் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்தாள். சொல்வது என்ன, அவள் வாசிப்பாள், அவர்கள் திருப்பி வாசிப்பார்கள். மூவரும் இளையோர் குழுவின் தேர்வுக்குப் போனார்கள். இரண்டு குழுக்களையும் நடத்துபவரை எல்லாரும் கோல்காரர் என்பார்கள்; கையில் எப்போதும் அந்தச் சின்னக் கோல். தேர்வு முடிந்ததும் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"காது சுத்தம், வில் சுத்தம். ஆனா மூணு பேருக்கும் சுண்டுவிரல் ஊமை. வேகமான இடத்துல தடுக்கி விழறாங்க. உங்களுக்காக அடுத்த வாரம் இன்னொரு தரம் கேக்கிறேன்."

அவள் அறைக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தவில்லை.

"சுண்டுவிரல் என்ன, லீவுல போயிருக்கா?" என்று மூவரையும் கேட்டாள்.

"நீங்க அப்படித்தானே டீச்சர் வாசிக்கிறீங்க," என்றாள் வாயாடி என்று பெயரெடுத்தவள். "உங்க ஸ்டைல்னு நெனச்சோம்."

"இவ டேப் போட்டு விரல ஒட்டிக்கிட்டு பழகுறா டீச்சர்," என்றான் பக்கத்திலிருந்தவன். "தப்பித்தவறி தந்தியில பட்டுடக் கூடாதாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; பாதியில் நின்றுவிட்டது. இனிமேல் சுண்டுவிரலை வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்தான். ஆனால் அவர்கள் காதை விடக் கண்ணைத்தான் நம்புவார்கள். அடுத்த சனிக்கிழமையும் அவள் கையைத்தான் பார்ப்பார்கள்.

வயலினை எடுத்து, அவர்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தை இசைத்தாளில் எழுதியிருந்தபடியே வாசித்தாள். சுண்டுவிரல் இறங்கியது, மடங்கியது. தந்தி கிறீச்சிட்டது. யாரோ சிரித்து, சட்டென்று அடங்கினார்கள்.

"இதுதான் என் ஸ்டைல். விரல் போச்சு. அத மறைக்கத்தான் அந்த வழுக்கல். உங்களுக்கு என்ன கேடு? டேப்ப எடு."

வாயாடி டேப்பை உரித்தாள். "அப்போ அடுத்த மாசம் கச்சேரி?"

வாசலில் கோல்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"வேற ஆள் பாக்கணும் போலிருக்கே," என்றார் மெதுவாக.

"பாருங்க." குரல் நினைத்ததைவிடச் சரியாகவே வந்தது. "மத்தத அப்புறம் பேசுவோம். பாடம் பாதியில நிக்குது."

அவர் போகவில்லை, சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் வயலினைக் கீழே வைத்துவிட்டு, வாயாடியின் சுண்டுவிரலைப் பிடித்துத் தந்தியில் ஊன்றினாள். விரலில் டேப்பின் பிசின் இன்னும் ஒட்டியிருந்தது. சுரம் கொஞ்சம் தாழ்வாக வந்தது.

"இன்னும் மேல," என்றாள்.