சேரின் படம் போட்ட ரியூட்

பெரியகல்லாற்றில் ஏறிய பஸ் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு அது பளிச்சென்று பிடிபட்டது. கண்டக்டர் "கெதியா உள்ளுக்குப் போங்க" என்று கத்த, "நாங்க கெதியாப் போய் என்ன, உங்கட பஸ் கெதியாவா போகுது?" என்றாள் மீன்கூடையோடு நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் 'கெதியா'வுக்கு ஆங்கிலத்தில் வரும் 'ஃபாஸ்ட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தமிழில் வேகமான பஸ் என்போம், பஸ் வேகமாக ஓடுது என்போம், சொல்லின் வாலை மாற்றுவோம். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஃபாஸ்ட்தான். லேட், ஏர்லி, ஹார்ட், ஸ்ட்ரெயிட் எல்லாம் அதே கூட்டம். என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளோ எதைக் கண்டாலும் 'ஃபாஸ்ட்லி' என்று பின்னால் ஒரு 'லி'யை ஒட்டாமல் விடமாட்டார்கள். விதியைச் சொல்லாமல், அவரவர் வீட்டுக் கதையிலிருந்தே இந்தச் சொற்களுக்கு வசனம் எடுத்தால் என்ன? அந்த யோசனையில் இறங்கவேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

பட்டம் முடித்தும் நியமனம் வராததால் டவுனில் ஒரு ரியூசன் நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பிள்ளைகள். பக்கத்து மண்டபத்தில் அதே ஆங்கிலம் படிப்பிக்கும் பெரிய சேருக்கு இருநூறு பேர். எங்கள் ஊரில் ரியூசன் என்றால் ரியூட்தான். அச்சடித்த தாள் கையில் வராவிட்டால், "இவ என்னத்தப் படிப்பிக்கிறா?" என்று கேட்பார்கள்.

அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு வசனம் கேட்டேன். சுவரோரம் இருக்கும் ஏறாவூர்ப் பிள்ளை கடைசியாக வாய் திறந்தாள்.

"எங்கட வாப்பா ஏர்லியாத் தோணியில போவாரு மிஸ். ஹார்டா உழைப்பாரு. லேட்டா வருவாரு, வெறுங்கையோட. இப்பிடி எழுதலாமா?"

"இதைவிட நல்ல வசனம் எனக்கே வராது."

"வெளியில போகாதுதானே மிஸ்? எங்கட வகுப்புக்குள்ள மட்டும்."

"ஓம்" என்றேன்.

அன்றைக்கே எல்லா வசனங்களையும் தொகுத்து ரியூட் எழுதினேன். அடுத்த வகுப்பன்று நிலையத்து ஃபோட்டோக்கொப்பி மெஷினில் பதினான்கு கொப்பி அடித்தேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் அவசரத்தில் மூலப்பிரதியை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினேன்.

மறு கிழமை அதே பக்கங்கள் பெரிய சேரின் படத்தோடு இருநூறு பேர் கையில் இருந்தன. ஒரு எழுத்தும் மாறவில்லை. நிலையத்துப் பொறுப்பாளரிடம் போனேன்.

"உங்கட பேரப் போட்டா ஆர் மிஸ் வாங்குவாங்க? சேர்ட முகம் இருந்தாத்தான் போகும்."

"வசனமெல்லாம் என்ட பிள்ளைகள்ற."

"இங்கிலீசு என்ன, நீங்க கண்டுபிடிச்சதா?"

பக்கத்திலிருந்து கணக்கெழுதிய கிளாக் சிரித்தான். நானும் அசடு வழியச் சிரித்துத் தொலைத்தேன். இப்போது நினைத்தாலும் கன்னம் எரிகிறது.

அதைவிடக் கேவலம் மண்டபத்தில் நடந்திருந்தது. சேர் அந்த வாப்பா வசனத்தை மைக்கில் வாசித்து, "இவர் லேட்டாப் போய் ஏர்லியா வந்திருந்தா நித்திரையாவது மிஞ்சியிருக்கும்" என்றாராம். இருநூறு பேரும் சிரித்திருக்கிறார்கள். அதில் அவளுடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப்பேர். ஆருடைய வாப்பா என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நாளும் எடுக்கவில்லை.

அவள் வந்தாள். உட்காரவில்லை.

"நீங்கதானே மிஸ் ஓம் எண்டீங்க?"

மெஷின், மறதி, பொறுப்பாளர் என்று ஏதோ உளறினேன். பாடக் கொப்பியைப் பைக்குள் வைத்தபடி முழுவதையும் கேட்டாள். "சரி மிஸ்" என்று போய்விட்டாள். பிறகு வகுப்புக்கு வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திருடியவர்கள் அவர்கள்தான், ஆனால் அந்தத் தாளை விட்டுவிட்டு வந்தது நான். என் கெட்டித்தனத்தை நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற பறப்பு.

நிலையத்தை விட்டுவிட்டேன். சனிக்கிழமை ஏறாவூருக்குப் போகிறேன். வாப்பா தோணியால் வந்தபிறகு, அவர் முன்னாலேயே அவளிடம் நடந்ததைச் சொல்லவேண்டும். டவுனுக்குப் படிக்கத் திரும்பி வா என்று கேட்கமாட்டேன். துரத்தினால் போய்விட்டு, அடுத்த சனிக்கிழமையும் போவேன். உள்ளே விட்டால், அந்த வீட்டிலேயே, தாளில்லாமல், மைக்கில்லாமல், அவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பேன்.